மேட் பூச்சுத் துப்பாக்கியும் துருவும்: ஒரு குழலைச் சீர்செய்த பதிவு

பளபளப்பில்லாத மேட் பூச்சுடன் வரும் துப்பாக்கிகளை வாங்குகிறவர்களில் பலர், அந்தக் கருமையே எஃகைக் காப்பாற்றிவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையில் அந்தக் கருமை தனியாக நின்று பெரிதாக எதையும் காப்பதில்லை. தொழிற்சாலையில் கண்ணாடி மணிகளையோ வேறு துகள்களையோ காற்றழுத்தத்தில் பீய்ச்சியடித்து எஃகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். அதன் பிறகு காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் கரைசலில் அதை முக்கி எடுக்கிறார்கள். அப்போது எஃகின் மேல்தோலே மேக்னடைட் என்னும் கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. ப்ளூயிங் என்று அழைக்கப்படும் இந்தப் படலத்தின் தடிமன் ஒன்றிரண்டு மைக்ரான்தான். அதிலும் நுண்துளைகள் உண்டு. பளபளப்பாக மெருகேற்றிய துப்பாக்கியிலும் இதே படலம்தான் இருக்கிறது என்றாலும், அங்கே நீர் தங்குவதற்கு இடமில்லாமல் வழிந்துவிடுகிறது, துடைத்தால் துணியோடு வந்துவிடுகிறது. சொரசொரப்பான பரப்பில் ஒவ்வொரு பள்ளமும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே பள்ளங்கள் எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதுதான் நமக்குச் சாதகமான செய்தி. முதலில் எது உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதைப் பொறுத்தே மேட் பூச்சின் ஆயுள் அமைகிறது. கீழே எழுதியிருக்கும் வேலை முழுவதும் அந்த ஒரு கருத்தைப் பின்பற்றிச் செய்தது.

நான் ஹூஸ்டன் நகரத்தின் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். களிமண் தட்டுகளைச் சுடும் பயிற்சிக்கு உடன் வரும் நண்பர் ஒருவர், வாத்து வேட்டையை விட்டுவிட்டதால், தம்முடைய 12 காஜ் என்ற குழல் அளவுள்ள, முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னை எனக்கு விற்றார். கால்வெஸ்டன் வளைகுடாவை ஒட்டிய உப்புச் சதுப்பு நிலங்களில் பல பருவங்கள் உழைத்த துப்பாக்கி அது. கடைசிப் பருவம் முடிந்ததும் உள்ளே நுரைப் பஞ்சு வைத்த பெட்டியில் அதை மூடி வைத்தவர், கோடை முழுவதும் திறக்கவே இல்லை. நுரைப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, எஃகின் மேல் அழுத்தியபடியே இருக்கும். பெட்டி பயணத்துக்கானது, துப்பாக்கியை மாதக்கணக்கில் வைப்பதற்கு அதைவிடத் தவறான இடம் வேறில்லை.

எந்த வேலைக்கும் முன்னால் துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்: குழலில் தோட்டா நிற்கும் அறையையும், மற்றத் தோட்டாக்களை வரிசையாக வைக்கும் மேகசின் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் தடவிப் பார்க்க வேண்டும். நாம் வேலை செய்யும் இடத்திலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. இதற்குப் பாதுகாப்பு தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஊடுருவும் தன்மையுள்ள எண்ணெய், தோட்டாவின் அடியில் இருந்து அதைப் பற்றவைக்கும் பிரைமருக்குள் புகுந்துவிட்டால், அந்தத் தோட்டா வெடிக்காமல் போகக்கூடும்.

கருப்பு மேட் பரப்பில் துருவின் தொடக்கம் எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை. விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் கருமை சில இடங்களில் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறியிருப்பது தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அந்த இடத்தை அழுத்தாமல் தேய்த்தால் துணியில் செங்கல் நிறம் ஏறும். ஐயத்துக்கு இடமில்லாத சோதனை அதுதான். இந்தத் துப்பாக்கியில் குழலின் மேற்பட்டைக்கு அடியில், மேகசின் குழாயைக் கவ்வும் வளையத்தின் உட்புறத்தில், முன்பிடிக்குள் மறைந்திருக்கும் குழாயில், ட்ரிக்கர் பகுதியைப் பிடிக்கும் ஊசிகளைச் சுற்றி என்று கை எட்டாத இடங்களிலெல்லாம் துரு இருந்தது. சுடும் பொறி அடங்கிய நடுப்பகுதியான ரிசீவரின் இடப்பக்கத்தில், ஒற்றைக் கையால் தூக்கிச் செல்லும்போது கட்டைவிரல் படும் இடத்தில், ஒரு விரல் ரேகை கோடு கோடாகத் துருவாலேயே பதிந்திருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது, ரேகையின் மேடு பட்ட இடங்கள் மட்டும் செம்மையாகவும், இடைப்பட்ட பள்ளங்கள் கருமை குலையாமலும் இருந்தன. வியர்வையில் உள்ள உப்பு எஃகை என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உப்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடலோரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்புப் படிந்த எஃகின் மேல் எவ்வளவு விலை உயர்ந்த எண்ணெயைப் பூசினாலும், உப்பு அடியிலேயே இருந்துகொண்டு தன் வேலையைச் செய்யும். சாதாரணச் சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே அப்படிச் செய்யும். வீட்டுக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தாலும் காற்று அவ்வளவு உலர்வாக இருப்பது அரிது. ஆகவே கடல்நீரின் சிதறல் பட்ட துப்பாக்கிக்கு முதல் மருந்து நல்ல தண்ணீர்தான். துப்பாக்கியைத் தண்ணீரில் கழுவுவதா என்று தயங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உப்பை விட்டுவைப்பதோடு ஒப்பிட்டால், வெந்நீரில் கழுவி உடனே உலர்த்துவதில் எந்தத் தீங்கும் இல்லை.

மேகசின் மூடியைத் திருகிக் கழற்றினால் இந்த வகைத் துப்பாக்கியில் குழல் தனியே வந்துவிடும். குழல் நுனியைச் சற்றுக் குறுக்கும் சோக் என்ற சிறு குழாயைக் கழற்றி, நுனியிலிருந்த பிளாஸ்டிக் குறிமணியையும் திருகி எடுத்துவிட்டு, குழலை வெந்நீரும் பாத்திர சோப்பும் கொண்டு நைலான் பிரஷ்ஷால் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினேன். பித்தளை பிரஷ்ஷை வெளிப்புறத்தில் பயன்படுத்தக் கூடாது. சொரசொரப்பான பரப்பு பித்தளையைச் சுரண்டி எடுத்துக்கொள்வதால் கருமையின் மேல் மஞ்சள் தீற்றல்கள் விழும், அவற்றை அகற்றுவது தனி வேலையாகிவிடும்.

துருவை எடுப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் இரண்டு வழிகளும் மேட் பூச்சுக்கு உதவாதவை. ஒன்று, எண்ணெயில் தோய்த்த 0000 எண்ணுள்ள மெல்லிய ஸ்டீல் வுல் எனும் எஃகு நார். மெருகேற்றிய துப்பாக்கிக்கு அது நல்ல வழிதான். ஆனால் மேட் பரப்பில் அது மேடுகளின் உச்சியை மட்டும் தேய்த்து மினுக்கிவிட்டு, பள்ளத்தில் இருக்கும் துருவைத் தொடாமலே போகிறது. துருவும் மிஞ்சும், பார்ப்பதற்கும் அந்த இடம் வழுக்கையாகத் தெரியும். மற்றொன்று, பாஸ்பாரிக் அமிலமோ வினிகரோ கலந்த துருநீக்கித் திரவங்கள். அவை செந்துருவைக் கரைக்கும்போது கருப்பு ஆக்சைடையும் சேர்த்தே கரைத்துவிடும், ஏனென்றால் இரண்டும் இரும்பின் ஆக்சைடுகள்தான். துரு போன இடத்தில் சாம்பல் நிற வெற்று எஃகு தெரிய, அடுத்த மழைக்கால ஈரத்தில் முதலில் துருப்பிடிப்பது அந்த இடமாகவே இருக்கும்.

இவற்றுக்கு மாற்றாக நான் தேர்ந்துகொண்டது கொதிநீர் முறை. பழைய துப்பாக்கித் தொழிலாளர்கள் எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்கச் செய்து, கொதிக்கும் நீரில் போட்டு அந்தத் துருவைக் கருப்பாக்கி, உதிரியைத் துலக்கி எடுத்து, மறுபடியும் துருப்பிடிக்கவைத்து, இப்படிப் பல சுற்றுகளில் கருமை ஏற்றுவார்கள். ஏற்கெனவே துருப்பிடித்த குழலில் அந்த முறையின் இரண்டாம் பாதியை மட்டும் செய்தால் போதும். கொதிநீரில் செந்துரு மேக்னடைடாக மாறுகிறது. எஃகோடு ஒட்டியிருப்பது படலமாக நிலைக்கிறது, ஒட்டாதது கரித்தூளாக உதிர்கிறது. எஃகை உண்ட துருவின் ஒரு பகுதியே காப்பாக மாறி நிற்கும் இந்த வேதியியல் எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

இதற்கு நீளமான தொட்டி வேண்டும். தகரக் கடையில் குழலைவிடச் சற்று நீளமாக ஒரு தொட்டி செய்து வாங்கி, வீட்டின் பின்புறத்தில் இரட்டை பர்னர் கொண்ட கேம்பிங் அடுப்பின் மேல் வைத்தேன். குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்தினால் சுண்ணாம்புப் படிவு வெள்ளை வெள்ளையாகக் குழலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றினேன். எண்ணெய்ப் பசை சிறிதும் இருக்கக் கூடாது: அசிட்டோனில் நனைத்த துணியால் குழலை, மேற்பட்டையின் அடிப்புறம் உட்பட, துணி நிறம் மாறாத அளவுக்குத் துடைத்தேன். அசிட்டோன் டப்பாவை அடுப்பு இருக்கும் பக்கமே கொண்டுபோகக் கூடாது. துடைக்கும் வேலை முழுவதும் முடிந்து, டப்பா வேறு இடத்துக்குப் போன பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அதன் பின் குழலை வெறும் கையால் தொடக் கூடாது, கையுறை கட்டாயம். குழல் தொட்டியின் அடியில் உட்காராமல் இருக்க இரு முனைகளிலும் கம்பி கட்டித் தொங்கவிட்டேன்.

நீர் நன்றாகக் கொதிக்கத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே செங்கல் நிறப் புள்ளிகள் மங்கத் தொடங்கின. 20 நிமிடம் போலக் கொதிக்கவிட்டு, கம்பியைப் பிடித்துத் தூக்கியதும் குழலின் சூட்டிலேயே நீர் ஆவியாகிப் பறந்துவிட்டது. துரு இருந்த இடங்களில் வெல்வெட் துணியின் மேல் இருப்பதைப் போன்ற ஒரு மெல்லிய கரித்தூள் நின்றது. அதை எடுப்பதற்கு இழை மிக மெலிந்த கார்டிங் பிரஷ் என்று தனியாகக் கிடைக்கிறது. அதை எண்ணெய் நீக்கி, எடையே கொடுக்காமல், ஒரே திசையில் இழுக்க வேண்டும். தேய்ப்பது அல்ல, தூசி தட்டுவதுதான் அங்கே வேலை. பள்ளங்களில் மிஞ்சிய செம்மைக்காக இன்னும் சில முறை கொதிக்கவைத்துத் துலக்கினேன். விரல் ரேகை கருப்பாக மாறியதே தவிர மறையவில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் எஃகு உண்மையாகவே அரிக்கப்பட்டுக் குழிந்திருந்தது. குழிகளை எந்த முறையும் நிரப்பாது. அவை அங்கேயே நின்றுவிடச் செய்வதுதான் நம்மால் முடிந்தது. ரிசீவரையும், உள்ளே இருக்கும் பாகங்களையெல்லாம் கழற்றிய பின், இதே தொட்டியில் இதே முறையில் கொதிக்கவைத்தேன்.

எல்லாத் துப்பாக்கிகளின் மேட் நிறமும் ப்ளூயிங்கால் வந்ததல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சாம்பலும் பச்சையும் கலந்தாற்போல் இருப்பது பெரும்பாலும் பார்க்கரைசிங் எனப்படும் பாஸ்பேட் பூச்சு. 1906-இல் இங்கிலாந்தில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்து, 1915-இல் டெட்ராய்ட்டில் பார்க்கர் என்பவரின் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு பரவி, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் எம்1 கேரண்ட் ரைஃபிள்கள் வரை வந்தது. மாங்கனீசு அல்லது துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் எஃகின் மேல் அடர்ந்து வளர்ந்து நிற்கும். ப்ளூயிங்கைவிடத் தடிமனானது, எண்ணெயை அதிகமாகக் குடிக்கும், அதனாலேயே நன்றாகக் காக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் அதுவும் துருப்பிடிக்கும். வாங்கிய நாளில் தாராளமாக எண்ணெய் பூசி ஓர் இரவு ஊறவிட்டுத் துடைப்பதே அதற்கு வேண்டியது.

இனி எண்ணெய் ஏற்றுவது. கடைசிக் கொதியிலிருந்து எடுத்த குழல் கை தாங்காத சூட்டில் இருக்கும்போதே எண்ணெய் பூச வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகி நுண்துளைகளுக்குள் ஓடுகிறது; பள்ளங்களில் ஈரம் என்று எதுவும் மிச்சமிருக்க வாய்ப்பில்லாத ஒரே நேரமும் அதுதான். புதிய தோசைக்கல்லைச் சூடாக்கி எண்ணெய் தடவிப் பழக்குகிறவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்கத் தேவையில்லை. முதல் பூச்சு ஊறி ஆறிய பின் துடைத்துவிட்டு, ஹேர் ட்ரையரால் குழலை மீண்டும் வெதுவெதுப்பாக்கி இரண்டாம் பூச்சு கொடுத்தேன். வழக்கமான பராமரிப்புக்குக் கொதிநீர் தேவையில்லை. ஹேர் ட்ரையர் போதும்.

எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு வாதங்களைக் கேட்டுச் சலித்துப்போய், மெல்லிய எஃகுப் பட்டைகளை ஒரு பட்டறையில் மணி பீய்ச்சிச் சொரசொரப்பாக்கி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வகை பூசி, தாழ்வாரத்துக்கு வெளியே தொங்கவிட்டு, மாலைதோறும் உப்பு நீரைத் தெளித்துப் பார்த்தேன். ஆய்வகச் சோதனை என்று இதைச் சொல்ல மாட்டேன். என் வீட்டுக் காற்றுக்கு எது நிற்கிறது என்று அறிவதற்காகச் செய்தது. எதுவும் பூசாத பட்டை மறுநாள் காலையிலேயே சிவந்துவிட்டது. அடுத்து விழுந்தது டபிள்யூடி-40 பூசியது. அது அந்தத் திரவத்தின் குறையல்ல. 1953-இல் சான் டியாகோவில் உருவானபோதே, நீரை விலக்குவதற்கான நாற்பதாவது கலவை என்ற பொருளில்தான் அதற்கு அப்பெயர் வைத்தார்கள். நனைந்த துப்பாக்கியிலிருந்து நீரை வெளியேற்ற அதைவிட எளிதாகக் கிடைப்பது வேறில்லை, ஆனால் அது விட்டுச் செல்லும் படலம் மிக மெலிது. சுத்தம் செய்வதற்கும் உராய்வு குறைப்பதற்கும் காப்பதற்கும் சேர்த்து விற்கப்படும் சி.எல்.பி. வகை எண்ணெய்கள் நடுவில் நின்றன. ஆட்டு ரோமக் கொழுப்பான லனோலின் சேர்ந்த கலவை, விளிம்புகள் தவிர, கடைசி வரை தாங்கியது. அதன் விலை பிசுபிசுப்பு. தூசியும் புல் விதையும் வந்து ஒட்டும். ஆகவே பருவம் முடிந்து பெட்டகத்துக்குள் போகும்போது மட்டும் லனோலின், பயன்படுத்தும் மாதங்களில் சி.எல்.பி. என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் 1950-களில் உருவான ரெனசான்ஸ் மெழுகையும் ஒரு பட்டையில் பூசிப் பார்த்தேன். குளிர்ந்த உலோகத்தில் தேய்த்தால் மேடுகளில் மட்டும் ஏறி, பள்ளங்களில் வெள்ளைத் திட்டாகத் தங்கியது. பட்டையைச் சூடாக்கிப் பூசியபோது நன்றாகவே பரவியது. பளபளப்பான துப்பாக்கிக்கு மெழுகு முதல் தேர்வாக இருக்கலாம். மேட் பரப்பில் எண்ணெய்க்கே என் வாக்கு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று: ஒரே சி.எல்.பி. எண்ணெயைச் சூடான பட்டையில் ஊறவைத்ததும், குளிர்ந்த பட்டையில் துணியால் தடவியதும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது, முன்னது கண்ணுக்குத் தெரியும் அளவு கூடுதலாகத் தாங்கியது. எந்த டப்பாவை வாங்குவது என்பதைவிட எப்படிப் பூசுவது என்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது என்று எனக்கு அப்போது உறுதியாயிற்று.

வைக்கும் இடத்தைப் பற்றி. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் எஃகின் அரிப்பு வேகம் பிடிக்கும். 50-ஐ ஒட்டி வைத்திருந்தால் நல்லது. பெட்டகத்துக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானியை வைப்பது முதல் வேலை, ஏனென்றால் அளக்காமல் எதையும் தீர்மானிக்க முடியாது. அடியில் பொருத்தும் மின்சூடேற்றிக் கோல் காற்றிலிருந்து நீரை எடுப்பதில்லை. காற்றைச் சற்றே சூடாக்குகிறது, அவ்வளவுதான். 25 டிகிரியில் 65 சதவீதமாக இருக்கும் காற்று 28 டிகிரிக்கு ஏறினால் ஈரப்பதம் 55-க்கு அருகில் இறங்கிவிடும். சிலிக்கா ஜெல் உண்மையாகவே நீரை எடுக்கும், ஆனால் நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். அதைச் செய்யாமல் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் அது வெறும் மணல். துப்பாக்கியை நுரைப் பெட்டியிலோ தோல் உறையிலோ வைக்கக் கூடாது. தோலைப் பதனிடும்போது சேரும் உப்பும் அமிலமும் எஃகுக்கு ஆகாதவை.

இந்த ஊரில் இன்னொரு தொல்லை உண்டு. கோடையில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, பெரும்பாலும் 24 டிகிரியைத் தொடும். ஏசி அறையில் 22 டிகிரியில் இருந்த துப்பாக்கியை வெளியே எடுத்த உடனே அதன் மேல் நீர் வியர்க்கத் தொடங்கும், குழலுக்குள்ளும்தான். மேட் பரப்பில் அந்த நீர் துளியாகத் தெரியாது. கருமை சற்று ஆழமானதுபோல் தோன்றும், அவ்வளவே. அதனால் பயிற்சிக்குப் போகும் நாளில் துப்பாக்கியை மூடிய பெட்டியிலேயே வைத்து, வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து திறக்கிறேன். திரும்பி வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, உலர்ந்த துணியில் சாய்த்து வைத்துவிட்டே மற்ற வேலைகளைப் பார்க்கிறேன். யார் கையில் எடுத்துப் பார்த்தாலும், திரும்பப் பெட்டகத்துக்குள் வைக்கும் முன் ரிசீவரின் இரு பக்கங்களையும் எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

குழலின் உட்புறத்துக்கு மேட் பூச்சும் இல்லை, ப்ளூயிங்கை நம்பவும் முடியாது. சுட்ட பிறகு சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப் படலம் விட வேண்டும். தோட்டா நிற்கும் அறையில் துரு பிடித்துச் சொரசொரத்தால், சுட்ட தோட்டாவின் பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுக்கும். இந்தத் துப்பாக்கியிலும் அப்படித்தான் இருந்தது, கொதிநீருக்குப் பின் நைலான் பிரஷ்ஷும் எண்ணெயும் கொண்டு துலக்கியதும் சரியாயிற்று. ஆனால் அறையிலும் குழலிலும் எண்ணெய் இருக்கும்படியே யாரும் சுடக் கூடாது. அடுத்த முறை தோட்டா போடுவதற்கு முன், உலர்ந்த துணித்துண்டை ஒன்றுக்கு இரண்டாகக் குழலுக்குள் செலுத்தி எடுத்து, கடைசித் துண்டு சுத்தமாக வெளிவருகிறதா என்று பார்த்து, குழலில் ஒரு நூலிழைகூட அடைத்துக்கொண்டிருக்கவில்லை என்பதை வெளிச்சத்தில் உறுதி செய்துகொண்ட பிறகே சுட வேண்டும்.